ஏக குமாரத்தி

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி ஆராதனையில் இருந்தவர்கள் இவர்கள். பீடத்தில் ஆயர் ஜாய்சன். வலப்பக்கம், ஆண்கள் வரிசையின் முதல் பெஞ்சில் சபைச் செயலாளர் ஜீவானந்தம். இடப்பக்கம், பெண்கள் வரிசையில் அவர் மனைவி ரத்தினபாய். அவளை ஒட்டி மணப்பெண் டெபோரா. ஜீவானந்தத்துக்குப் பின்னால் மூன்றாவது பெஞ்சில், ஊரப்பாக்கத்திலிருந்து மரியாதைக்காக வந்திருந்த மாப்பிள்ளை ஃபிரெடி, அவன் தகப்பனார் பொன்னுசாமி. தூணுக்குப் பின்னால், வழக்கமான இடத்தில், ஜெயக்கொடி. அப்புறம் சபையார் ஏறக்குறைய இருநூறு பேர். அவர்களைப் பெயர் பெயராக எழுத வேண்டியதில்லை. ஆனால் பிற்பாடு பேச்சைக் கிளப்பியவர்கள் அவர்களில்தான் இருக்கிறார்கள்.

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. பனையோலை போய்க் கணினித் தாள் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. இன்னாருடைய இத்தனையாவது குமாரனுக்கும் இன்னாருடைய இத்தனையாவது குமாரத்திக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு சபை முன்னால் வாசிப்பார்கள். தடை சொல்லி ஒருவர் எழுந்ததைத் தாம்பரத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆயர் வாசித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். மின்விசிறிச் சத்தம் கேட்கும். பிறகு அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்வார்.

அந்த ஓலைகளை இருபத்திரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்தவர் ஜீவானந்தம். ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கேம்ப் ரோட்டில் சொந்த வீடு. கழுத்துப் பொத்தானைப் போடாமல் வாசல் கேட் வரைக்கும்கூடப் போகாதவர். அவர் கைக்கு ஒரு காகிதம் போனால் அதில் பொய் தங்காது என்று சபையில் பெயர்.

அது சும்மா வந்த பெயரல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன் ஜெயக்கொடி தன் மகள் ஜாஸ்மினுக்கு ஓலை கொடுக்க வந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெண்ணை நர்ஸிங் படிக்க வைத்தவள். புருஷன் பல்லாவரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். அவன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டுத் தரும்படி கேட்டாள். ஜீவானந்தம் தாளைத் திருப்பி நீட்டினார். ஓலையில் பொய் ஏறக் கூடாது என்றார். பொய்யில்லை, எனக்கு அவன் செத்துவிட்டான் என்று அவள் அழுதாள். உனக்குச் செத்தால் போதாதம்மா, பதிவில் சாக வேண்டும் என்று அவர் சொன்னார். மூன்று ஞாயிறும் அந்த மனிதன் பெயர் உயிரோடு வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறும் ஜெயக்கொடி யார் முகத்தையும் பார்க்காமல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அந்த இடம் அவளுக்கு வழக்கமானது அப்படித்தான்.

இனி ஜோவிதா. ஜீவானந்தத்தின் மூத்த மகள். ஒன்பது வயதில் வசனப் போட்டி ஒன்றில் நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதத்தை, நூற்றெழுபத்தாறு வசனத்தையும், ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துக் கேடயம் வாங்கியவள். எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று நடுவர்களுக்கே தெரியவில்லை. அன்று ஜீவானந்தம் கேடயத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஆலயத்திலிருந்து கேம்ப் ரோடு வரை நடந்தார். பஸ் இருந்தது. நாலு பேர் பார்க்கட்டும் என்று நடந்தார்.

அந்த மூச்சை அவள் பிற்பாடு வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டாள். நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ராப் பாட ஆரம்பித்தாள். தாளத்தின்மேல் பேச்சை வேகமாக அடுக்கிக்கொண்டு போகிற பாட்டு. அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில் அல்ல, ஷேர் ஆட்டோவில் கேட்கிற தமிழில். முதல் வீடியோவைத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று எடுத்தாள். போலீஸ்காரர் விரட்டுவதும் அதிலேயே பதிவாகியிருந்தது. நானூறு பேர் பார்த்தார்கள், அதில் பாதிப் பேர் சபையார். ஊரைப் பிளந்துகொண்டு போகிற சாலையின் பெயரையே எடுத்து 'ஜி.எஸ்.டி. ஜோ' என்று தனக்கு வைத்துக்கொண்டாள். சபைக் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், பாப்பாவுக்கு வரி ஆபீஸிலா வேலை என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஜீவானந்தம் வீட்டுக்கு வந்து மகளை ஓர் அறை அறைந்தார். வாழ்நாளில் ஒரே தடவை. அதையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்தார்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதில் எட்டு மாதம் கழித்து வந்தது.

ஜீவானந்தத்துக்கு ஒரு வாக்கியம் உண்டு. பிள்ளைகள் தலைக்குப் பூ கேட்டாலும், சினிமாவுக்குக் கேட்டாலும், சாப்பிடும்போது சத்தமாகச் சிரித்தாலும், "நம்ம வீட்ல இதெல்லாம் கிடையாது" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. மகள் அதைத்தான் பல்லவியாக்கியிருந்தாள். நம்ம வூட்ல இதெல்லாம் கெடையாது. மூன்று கோடிப் பேர் கேட்டார்கள். ஷேர் ஆட்டோவில் ஓடியது, கல்லூரி கேன்டீனில் ஓடியது. காய்கறிக்காரன் கொத்தமல்லி கொசுறு கேட்டவர்களிடம் அந்த ராகத்திலேயே இல்லை என்றான். அதையாவது பொறுத்திருப்பார். மூன்றாவது சரணத்தில் நாலு வரி இருந்தது:

அட்ச்ச கன்னம் அப்பாவுக்கு
அட்த்த கன்னம் ஆண்டவருக்கு
ரெண்டு கன்னமும் பூட்ச்சு நைனா
பாட்றதுக்கு வாய்தான் மிச்சம்.

சாத்திய கதவுக்குள் நடந்தது இப்போது ஊருக்கெல்லாம் தெரிந்தது. பெற்ற தகப்பனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது தவறு. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அவள் பாடியது நடந்ததுதான். அதிலும் இடமில்லை.

பிறகு அவள் போன உயரத்தை மறைப்பதற்கில்லை. நாலு சினிமாப் பாட்டு, கோலாலம்பூர், துபாய், டொரண்டோ, நாவலூரில் பதினான்காம் மாடியில் சொந்த வீடு. சுவரொட்டியில் கூடப் பாடிய ஆணின் பெயரைப் பெரிதாகவும் தன் பெயரைக் கீழே பொடியாகவும் போட்டிருந்தார்கள் என்று, அடித்த அத்தனையையும் மறுபடி அடிக்க வைத்தாள். அது வரைக்கும் ஒத்திகைக்கு வரமாட்டேன் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தாளாம். குடித்துவிட்டு மேடையேறிய ஏற்பாட்டாளரைப் பாட்டை நிறுத்தி இறக்கிவிட்டாள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து நிற்பாள். இந்த விறைப்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டைப் பற்றிப் பேட்டியில் கேட்டால் மட்டும், பாட்டில் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை என்று நிறுத்திவிடுவாள்.

ஆறு வருஷம் ஜீவானந்தம் அவள் பெயரைச் சொல்லவில்லை. ரத்தினபாய் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு என்று கிளம்பி, மேடவாக்கத்தில் ஒரு ஓட்டலில் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். அவருக்குத் தெரியும். கேட்டதில்லை. கேட்டால் தெரிந்ததாகிவிடும்.

இந்த நிலையில்தான் டெபோராவுக்கு ஊரப்பாக்கம் சம்பந்தம் வந்தது. பொன்னுசாமியின் குடும்பம் மூன்று தலைமுறையாகத் திருச்சபைப் பொறுப்புகளில் இருந்த குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று மூத்தவளைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. தெரியாததால் கேட்கவில்லை என்று ஜீவானந்தம் எடுத்துக்கொண்டார். தெரிந்தும் கேட்காமல் இருக்கிற மரியாதையைத் தன் வீட்டிலேயே ஆறு வருஷமாக நடத்திவந்தவருக்கு, அது வேறு வீட்டிலும் இருக்கும் என்று தோன்றவில்லை. மூத்தவளின் பெயர் அடிபடாமல் இளையவளின் கழுத்தில் தாலி ஏற வேண்டும். கல்யாணத்துக்கு முந்தைய மூன்று மாதமும் அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

ஓலைப் படிவத்தில் எத்தனையாவது குமாரத்தி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'இளைய குமாரத்தி' என்று எழுதினால் மூத்தவள் எங்கே என்று கேள்வி வரும். நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, 'ஏக குமாரத்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரத்தினபாயிடம் காட்டவில்லை.

ஆயர் ஜாய்சன் மே மாதம்தான் மாற்றலாகி வந்தவர். முதல் ஓலையைக் கொடுத்தபடியே வாசித்தார். ரத்தினபாயின் மடியிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. டெபோரா எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து ரத்தினபாய் சோறு போட்டாள். டெபோராதான் அறைக்குள் போய் அழுதாள். கல்யாணம் முடியட்டும், எல்லாம் சரியாகும் என்று அவர் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்.

அன்றே ஆலய வாசலில் ஜெயக்கொடி அவரை நிறுத்தியிருந்தாள்.

"சார், ஏக குமாரத்தின்னு படிச்சாரே ஆயரு. என் காதுல சரியாத்தான் வுயுந்துச்சா?"

ஆமாம் என்றார்.

"அப்ப பெரிய பாப்பா பூட்ச்சா சார்?"

உன் வேலையைப் பாரம்மா என்று அவர் நகர்ந்தார். அவள் வழியை விட்டாள். குரலை மட்டும் விடவில்லை.

"உங்களுக்குச் செத்தா போதாது சார். பதிவுல சாவணும்."

அவள் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது ஓலையும் அப்படியே வாசிக்கப்பட்டது. அன்று மத்தியானம் டெபோரா ஒரு விஷயம் சொன்னாள். ஆராதனை இப்போது நேரலையில் போகிறது. அக்கா எந்த ஊரில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கிறாள். இரண்டு ஓலையும் கேட்டுவிட்டாள். என்ன சொன்னாள் என்று ஜீவானந்தம் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றாள் டெபோரா. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. மூன்றாம் ஓலைக்கு வந்து எழுந்து நின்றால்? இதையும் பாட்டாக்கினால்?

செவ்வாய்க்கிழமை நாவலூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனார். காவலாளி ஒரு நோட்டை நீட்டினான். பெயர், நேரம், பிறகு 'உறவு' என்று ஒரு கட்டம். அங்கேயும் பேனா நின்றது. 'சொந்த வேலை' என்று எழுதினார். காவலாளி படித்துப் பார்க்கவில்லை.

ஜோவிதா கதவைத் திறந்து, ஆச்சரியப்படாமல் ஒதுங்கி வழிவிட்டாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். டீ போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை அரைக் கரண்டிதான் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அலமாரியில் விருதுகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் அந்தச் சங்கீதக் கேடயம். தன் வீட்டு பீரோவில் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தது.

"ஓலைய எழுதுனது நீங்களாப்பா, ஆயரா?"

"நான்தான்."

"உங்க கையெழுத்தா?"

"ஆமா."

தலையை ஆட்டினாள். "என் பாட்டுல ஏதாவது பொய் இருந்துச்சா?"

அவர் யோசித்தார். வேறு யாராக இருந்தாலும் இருந்தது என்று சொல்லியிருப்பார்கள். "இல்ல" என்றார்.

"ஓலைல?"

டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. வந்த காரியத்தைச் சொன்னார். ஓலைக்கும் வர வேண்டாம், கல்யாணத்துக்கும் வர வேண்டாம். இதைப் பாட்டாக்க வேண்டாம். இது டெபோராவின் வாழ்க்கை என்றார். ஜோவிதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"வரல. பாடவும் மாட்டேன். இந்த ஞாயித்துக்கிழம கோவளத்துல ஷூட்டிங், லைவ்கூடப் பாக்க மாட்டேன். போதுமா?"

"வாக்கா?"

"வாக்குதான். நம்ம வீட்ல வாக்கு மாறுறது கிடையாதே."

அதை அவள் பாட்டுத் தமிழில் சொல்லவில்லை. வீட்டுத் தமிழில், அவர் குரலில் சொன்னாள். லிஃப்ட் வரை கூட வந்து பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்த பிறகு சொன்னாள்: "நீங்களா ஒரு நாள் 'வா'ன்னு சொன்னா வருவேன். அது வரைக்கும் இந்த வாக்கு நிக்கும்."

வீட்டில் ரத்தினபாய் அடுப்படியில் இருந்தாள். போய்வந்ததையும் வாக்கு வாங்கியதையும் அவர் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவள் முதலில், பிள்ளை இளைத்திருக்கிறாளா என்று கேட்டாள். கவனிக்கவில்லை என்றார். பிறகு அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வராதன்னு நீங்க வாயத் தொறந்து கேட்டீங்களா?"

"ஆமா."

அவ்வளவுதான். அவள் அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள்.

மூன்றாவது ஓலை. ஆயர் ஜாய்சன் வாசித்தார். கேம்ப் ரோடு ஜீவானந்தம், ரத்தினபாய் தம்பதியரின் ஏக குமாரத்தி டெபோராவுக்கும், ஊரப்பாக்கம் பொன்னுசாமியின் மூத்த குமாரன் ஃபிரெடிக்கும். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். ஒரு மூச்சு நிறுத்தினார். மின்விசிறிகள் சுற்றின. ஜீவானந்தம் அடுத்த பாட்டுக்காகப் புத்தகத்தைப் புரட்டினார். முடிந்தது என்று நினைத்திருப்பார்.

இடப்பக்கம் ரத்தினபாய் எழுந்து நின்றாள்.

நாற்பது வருஷமாக அந்த ஆலயத்தில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தவிர வாய் திறக்காதவள். ஜீவானந்தத்தின் கை தன்னையறியாமல் நீண்டது. நடுவில் நடைபாதை. எட்டாது.

"தடை இல்லைங்க ஐயா" என்றாள். "தப்பு இருக்கு. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. மூத்தவ பேரு ஜோவிதா. உயிரோட இருக்கா."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். டெபோராவும் எழுந்து தாய் பக்கத்தில் நின்றாள். ஆயர் தாளைப் பார்த்தார், அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார், பிறகு முதல் பெஞ்சைப் பார்த்தார். செயலாளர் ஐயா, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

ஜீவானந்தம் எழுந்தார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் எழுதினேன், தவறு செய்தேன் என்று நாலு சொல். அந்த ஆலயத்தில் அவருக்கு இருந்த மரியாதை அதைத் தாங்கியிருக்கும்.

"எழுத்துப் பிழை, ஐயா" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு எழுத்தும் பிசகாத கை. தூணுக்குப் பின்னால் ஜெயக்கொடி இருமினாள். ஆயர் சிவப்பு மையில் திருத்தி, பக்கத்தில் 'எழுத்துப் பிழை' என்று எழுதி, அந்த இடத்திலேயே அவரிடம் கையெழுத்து வாங்கினார். இன்றும் கோப்பில் அது இருக்கிறது. பெற்ற பிள்ளையை இல்லையென்றது ஒரு எழுத்துப் பிழை என்று.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பொன்னுசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "சம்பந்தி, பெரியவளத் தெரியாமலா உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தோம்? எங்க வீட்டு சமையல்கட்டுல அந்தப் பாட்டுதான் காலைல ஓடுது. நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தோம். சபைல பொய் சொல்ற வீடுன்னுதான் தெரியாது." கையை விட்டுவிட்டார்.

ஆனாலும் கல்யாணம் நிற்கவில்லை. தவறாக வாசித்த ஓலையை மறுபடி மூன்று வாரம் வாசிக்க நாளில்லை என்பதால், பேராயர் அலுவலகத்தில் தனி அனுமதி வாங்கி, குறித்த வியாழக்கிழமையே நடத்தினார்கள். இடையில் மூன்று நாள் இருந்தது. ரத்தினபாய் தினமும் காலையில் அவருடைய போனை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். வேண்டியது ஒரே சொல். வா. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், பிழை எழுத்தில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று நாளும் போன் மேஜையிலேயே கிடந்தது.

ஜோவிதா வரவில்லை. வாக்கு நின்றது. பெரியவள் எங்கே என்று மண்டபத்தில் கேட்டவர்களுக்கு, வெளியூரில் நிகழ்ச்சி என்று ஜீவானந்தம் சொன்னார். அவர் பக்கத்தில் நின்றிருந்த ரத்தினபாய், கேட்டவர்கள் எல்லாரிடமும் மறுபடி திருத்திச் சொன்னாள்: "நாவலூர்லதான் இருக்கா. நாங்க கூப்பிடல."

செயலாளர் பதவியிலிருந்து அவரை யாரும் இறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கல்யாணம் வைத்தவர்கள் படிவத்தை நேராக ஆயரிடம் கொண்டுபோனார்கள்.

பேச்சு ஒரு மாதத்துக்குள் கிளம்பியது. ஜோவிதா அன்று காரில் வந்து, கேமராக்காரர்களோடு ஆலயத்துக்குள் நுழைந்து, ஓலையை நிறுத்தினாள் என்று சிலர். இல்லை, தாய்க்குப் போன் போட்டு இன்ன இடத்தில் எழுந்திரு, இன்னது சொல் என்று தூண்டிவிட்டவள் அவள்தான், எல்லாம் புதுப் பாட்டுக்கு விளம்பரம் என்று சிலர். கிழக்குத் தாம்பரம் டீக்கடையில் ஜீவானந்தத்தின் முகத்துக்கு நேராகவே ஒருவர் இதைக் கேட்டார். பெரியவளின் வேலைதானாமே சார் என்றார். மறுக்க ஒரு சொல் போதும். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கழுத்துப் பொத்தானைச் சரி செய்துகொண்டு நடந்தார். தகப்பனே மறுக்கவில்லை என்று பேச்சுக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

அது பொய். ஜோவிதா அன்று ஆலயத்தில் இல்லை. இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. கேமராக்காரர் யாரும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் தாயோடு பேசவில்லை. அந்த ஓலையைப் பற்றி இன்றுவரை ஒரு வரி பாடவில்லை. ரத்தினபாயை யாரும் தூண்டவில்லை. அவளாகவே எழுந்தாள்.